தடித்த பிக்சல் எழுத்துரு இணையப் பக்கத்தில் ஏன் மங்குகிறது, தமிழுக்கு என்ன வழி?

கல்லூரியில் நடக்கும் வீடியோ கேம் போட்டிக்குப் போஸ்டரும் இணையப் பக்கமும் செய்கிறீர்கள். அதற்குப் பிரஸ் ஸ்டார்ட் 2பி என்ற, பழைய வீடியோ கேம் பாணி எழுத்துருவை எடுத்திருக்கிறீர்கள். போஸ்டரில் கச்சிதமாக வந்தது இணையப் பக்கத்தில் மங்கலாகிவிடுகிறது, அதிலும் பெரிய தலைப்பில் எழுத்துக்குள் இருக்கும் சந்துகள் அடைத்துக்கொள்கின்றன. அதனால் "இதைவிடத் தடிமனான, பழைய பாணி பிக்சல் எழுத்துரு எது, அதில் தமிழ் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்துருவை மாற்றினால் இது தீராது. நீங்கள் வைத்திருப்பதே போதிய தடிமன் உள்ளதுதான். இந்த வகை எழுத்துக்கு அளவு கொடுப்பது எப்படி என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அச்சுக்கும் திரைக்கும் எழுத்து அடுக்குவது எனக்குப் பல வருடத் தொழில். நிரல் எழுதுவது என் பக்கம் இல்லை, அதனால் அந்த இடங்களில் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். தமிழ் தனிக் கதை, பிறகு வருகிறேன்.

முதலில் உடனே சரிசெய்யக்கூடியது. இணையப் பக்கத்தில் தலைப்புக்கென்று உள்ள குறியீட்டைப் போட்டால் உலாவி அதைத் தானாகவே 'போல்ட்' ஆக்கிவிடும். ஆனால் இந்த எழுத்துருவில் இருப்பது ஒரே எடை, அதாவது ஒரே தடிமன், சாதாரண 400. போல்ட் என்று தனிக் கோப்பு கிடையாது. இல்லாத போல்ட்டைக் கேட்டால் உலாவி சும்மா இருக்காது, இருக்கும் வடிவத்தையே பக்கவாட்டில் கொஞ்சம் உப்பவைத்து ஒரு போலிப் போல்ட்டைத் தயாரித்துக் கொடுக்கும். சாதாரண எழுத்துருவில் இது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இதில் எழுத்துக்குள் இருக்கும் சந்து பல இடங்களில் ஒரே ஒரு கட்டம்தான், அது அடைந்து போகும். நீங்கள் அனுப்பிய படத்தில் ஆங்கில 'ஏ'யின் உச்சி கட்டியாகத் தெரிவது அதனால்தான். தலைப்புக்கு எடையை 400 என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். சாய்வெழுத்துக்கும் இதே விதி, அதை இந்த எழுத்துருவிடம் கேட்கவே கூடாது.

அடுத்து அளவு. இந்த எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் 8க்கு 8 கட்டம். எழுத்தளவை 8 பிக்சல் என்றால் ஒரு கட்டம் ஒரு பிக்சல், 16 என்றால் இரண்டு, 24 என்றால் மூன்று. 20 என்று கொடுத்தால் ஒரு கட்டத்துக்கு இரண்டரை பிக்சல் வரும். அரைப் பிக்சலைத் திரை காட்ட முடியாது, ஆகவே ஓரத்தில் சாம்பல் நிறம் பூசிச் சமாளிக்கும். அதுதான் மங்கல். இந்த அளவு வரை பலர் சொல்லிவிடுவார்கள். பலரும் விட்டுவிடுவது, நீங்கள் எழுதும் 16 பிக்சல் வேறு, திரையில் உண்மையில் எரியும் புள்ளி வேறு என்பது. விண்டோஸ் மடிக்கணினிகளில் திரையளவை 125 சதவீதம் என்று வைத்திருப்பவர்கள் ஏராளம். அதில் உங்கள் 16, 20 புள்ளிகளாகிறது. பழையபடி கட்டத்துக்கு இரண்டரை. உங்கள் கணினியில் பளிச்சென்று இருப்பது நண்பரின் கணினியில் மங்குவதற்கு இதுவே காரணம். தப்பிக்கும் வழி 32. கட்டத்துக்கு 4 பிக்சல் என்பதால் 125 சதவீதத்தில் 5, 150இல் 6, 175இல் 7, 200இல் 8 என்று எல்லாம் முழு எண்ணாகவே விழும். தலைப்புக்கு 32 அல்லது 64 வைத்துக்கொண்டால் கணினித் திரைகளில் பெரும்பாலும் கவலையில்லை. சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இந்தப் பெருக்கல் 2.625 என்று விசித்திரமாக இருக்கும், அங்கே 32கூட முழு எண்ணில் விழாது. ஆனால் அந்தத் திரைகளில் புள்ளிகள் அவ்வளவு நெருக்கம், கட்டத்துக்குப் பத்தரைப் புள்ளி என்றால் அந்த அரையைக் கண் பிடிக்காது. திரையின் அகலத்துக்கு ஏற்பத் தானாக நீண்டு சுருங்கும் எழுத்தளவை மட்டும் இந்த எழுத்துருவுக்குக் கொடுக்காதீர்கள். கைபேசிக்கு 16, கணினிக்கு 32 என்று படியாகத் தாவட்டும்.

இந்தக் கெடுபிடியெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்ற முடிவுகள் சுலபமாகும். 1970களின் ஆர்கேட் இயந்திரங்களில், அதாவது கடைகளில் காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டிகளில், நினைவகம் பொன் விலை. 8க்கு 8 கட்டத்தில் ஒரு வரிசைக்கு ஒரு பைட், ஓர் எழுத்துக்கு 8 பைட். ஆங்கில 'ஏ' அந்த நினைவகத்தில் 56, 108, 198, 198, 254, 198, 198, 0 என்று எட்டு எண்களாகத்தான் இருக்கும். 198ஐ இரும எண்ணாக எழுதிப் பாருங்கள், 11000110. இரண்டு கட்டம் கறுப்பு, மூன்று கட்டம் வெற்றிடம், மறுபடி இரண்டு கட்டம் கறுப்பு, கடைசியில் அடுத்த எழுத்துக்கு இடைவெளியாக ஒரு கட்டம். 254 என்பது நடுவில் ஓடும் குறுக்குக்கோடு. கடைசி 0 வரிக்கும் வரிக்கும் இடையே விட்ட வெற்று வரிசை. ஆக உண்மையான எழுத்து 7க்கு 7தான். பேக்-மேன் திரை 224க்கு 288 பிக்சல். எட்டால் வகுத்தால் குறுக்கே 28 எழுத்து, மேலிருந்து கீழாக 36. மொத்தத் திரையே இந்தக் கட்டங்களால் பாவியதுதான்.

பிரஸ் ஸ்டார்ட் 2பி, பேக்-மேனைச் செய்த ஜப்பானிய நிறுவனமான நாம்கோவின் 1980கள் விளையாட்டு எழுத்துகளைப் பின்பற்றியது. ஆனால் வடிவத்தின் வேர் நாம்கோ அல்ல. ஆர்கேட் எழுத்துகளைத் தேடித் தொகுத்த எழுத்து வடிவமைப்பாளர் டோஷி ஒமகாரி, அட்டாரியின் துணை நிறுவனமான கீ கேம்ஸ் 1976இல் வெளியிட்ட 'குவிஸ் ஷோ' விளையாட்டுவரை இதைக் கொண்டுபோகிறார், வரைந்தவர் அங்கே பொறியாளராக இருந்த லைல் ரெயின்ஸ் என்கிறார். நாம்கோ அதை எடுத்துக்கொண்டது, பிறகு ஜப்பானிய நிறுவனங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. இதில் எனக்குப் பிடித்த எழுத்து பூஜ்யம். ஆங்கில 'ஓ' நான்கு பக்கமும் சீரான பெட்டி போல இருக்கும். பூஜ்யமோ மேலே இடப்பக்கம் மெலிந்து வலப்பக்கம் தடித்து, கீழே அதற்கு நேர்மாறாக, சற்றுச் சாய்ந்த முட்டை. ஏழு கட்டத்துக்குள் இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு பொறியாளர் கண்ட வழி. எழுத்தோவியரிடம் கேட்டிருந்தால்கூட இதைவிட நன்றாக வந்திருக்குமா என்பது சந்தேகம்.

இனி தடிமன். மேலே பார்த்த 'ஏ'யில் செங்குத்துக் கோடு இரண்டு கட்டம், கிடைக்கோடு ஒரே கட்டம். பழைய டியூப் திரையில் மின்கற்றை இடமிருந்து வலமாக ஓடும். ஒரே ஒரு பிக்சல் அகலத்துக்கு எரிந்து அணையவேண்டும் என்றால் முழு வெளிச்சத்தை எட்டுவதற்குள் அந்த இடத்தைத் தாண்டிவிடும். வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்தால் அந்த ஒற்றைக் கோட்டில் நிறமும் சிந்தும். கிடைக்கோட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, கற்றை அதன் நெடுக நிதானமாக ஓடுகிறது. ஆகவே செங்குத்தை மட்டும் இரட்டிப்பது புத்திசாலித்தனம். 1980களின் வீட்டுக் கணினியான காமடோர் 64 அப்படித்தான் செய்தது. அதே காலத்து இன்னொரு வீட்டுக் கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ஒற்றைக் கோட்டிலேயே நின்றது, அதன் எழுத்து நோஞ்சானாகத் தெரியும். திரையின் இயல்பு இதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரட்டைக் கோடு போட்ட ஒவ்வொருவரும் இந்தக் கணக்கை யோசித்துத்தான் போட்டார்கள் என்று சொல்லமாட்டேன். பக்கத்து நிறுவனத்தின் எழுத்தைப் பார்த்து அப்படியே இறக்கியவர்களே அதிகம் இருப்பார்கள்.

தடித்த பிக்சல் எழுத்து என்றதும் ஆர்கேட் மட்டும் நினைவுக்கு வரவேண்டியதில்லை. 1984இல் வந்த ஆப்பிளின் முதல் மெக்கின்டாஷ் கணினியில் மெனுக்களுக்கு என்று வடிவமைப்பாளர் சூசன் கேர் வரைந்த சிகாகோ எழுத்துருவும் இரட்டைக் கோட்டு எழுத்துதான். அங்கே தடிமனுக்கு வேறொரு லாபமும் கிடைத்தது. கறுப்பு வெள்ளை மட்டுமே காட்டும் திரையில், இப்போது தேர்ந்தெடுக்க முடியாத மெனுவைச் சாம்பலாகக் காட்ட ஒன்றுவிட்டு ஒரு பிக்சலை அழிப்பார்கள். மெல்லிய எழுத்தில் அப்படிச் செய்தால் எழுத்தே மறைந்துவிடும், சிகாகோ தாங்கியது. அதே எழுத்து 2001இல் ஐபாடின் சின்னத் திரையில் மறுபடி வந்தது. சிகாகோவில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும், ஆர்கேட் எழுத்தில் மாறாது. இந்த வேறுபாடு உங்களுக்கு முக்கியம். ஆங்கில 'ஐ'க்கும் 'எம்'முக்கும் ஒரே அகலம் என்பதால் பிரஸ் ஸ்டார்ட் 2பி இடத்தைத் தின்னும். 360 பிக்சல் அகலமுள்ள கைபேசியில் 16 அளவில் ஒரு வரிக்கு 22 எழுத்துதான், ஓரத்து இடைவெளி போக இருபது. பதிவு விதிமுறைகளை அதில் அடுக்கினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

அதே ஒரே அகலம் வேறு இடத்தில் வரம். ஸ்கோர் பலகை, கவுண்ட்டவுன், தரவரிசை, பரிசுத் தொகை ஆகியவற்றில் எண் மாறும்போது பக்கத்து எண்கள் குதிக்காது. போட்டி நடக்கும் நாளில் புரொஜெக்டரில் ஓடவிடப் போகிறீர்கள் என்றால் இதைவிடப் பொருத்தமான எழுத்து கிடையாது. தலைப்பு, பொத்தானில் ஓரிரு சொல், டி-ஷர்ட், பேட்ஜ் இவற்றுக்கும் தாராளமாகப் போடலாம். பெரிய எழுத்தில் மட்டும் போடுங்கள். ஆரம்பகால ஆர்கேட் விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் சிறிய எழுத்தே கிடையாது. பின்னால் சேர்ந்த சிறிய எழுத்துகளில் ஜி, பி, ஒய் போன்றவற்றின் வால் ஏழு கட்டத்துக்குள் மூச்சுமுட்டி நிற்கும். வரி இடைவெளியை எழுத்தளவுக்குச் சமமாக விட்டால் வரிகளுக்கு நடுவே ஒரே கட்டம்தான் மிஞ்சும், ஒன்றரை மடங்காவது வையுங்கள். நிழல் போட்டால் 32 அளவுக்குச் சரியாக 4 பிக்சல் தள்ளிப் போடுங்கள், மங்கல் கொடுக்காதீர்கள். எழுத்தைச் சாய்த்து ஒட்டுவது போஸ்டரில் ஆசையாக இருக்கும், திரையில் வேண்டாம்.

விதிமுறை, நேரம், இடம் எல்லாவற்றுக்கும் சாதாரண எழுத்துரு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாசம் அங்கேயும் வேண்டும் என்று பிடிவாதம் என்றால் விடி323 பாருங்கள், டெக் என்ற கணினி நிறுவனத்தின் பழைய முனையத் திரை எழுத்தைப் பின்பற்றியது, ஒல்லியானது, நாலைந்து வரி தாங்கும். ஜேசன் கொட்கே 1999இல் இணையத்துக்கென்றே வரைந்த சில்க்ஸ்கிரீன், சின்னச் சின்ன லேபிள்களுக்கு இன்றும் நல்லது. ஏக்கம் வேண்டாம், கட்டம் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஸுஸானா லிச்கோ 1985இல் வரைந்த ஓக்லண்ட், எம்பரர் வகைகள் இருக்கின்றன. அவர் விளையாட்டை நினைவூட்ட வரையவில்லை, மெக்கின்டாஷின் கட்டத்தையே ஒரு புதிய ஊடகமாக எடுத்துக்கொண்டார். ஓக்லண்டை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 2011இல் தன் தொகுப்பில் சேர்த்தது. அவை விலைக்கு வாங்க வேண்டியவை, உங்கள் விழா பட்ஜெட்டுக்குச் சரிவராது.

இப்போது தமிழ். பிரஸ் ஸ்டார்ட் 2பியில் ஆங்கிலத்தோடு கிரேக்கமும் சிரில்லிக்கும் உண்டு, தமிழ் இல்லை. அதே 8க்கு 8 கட்டத்தில் யாராவது சேர்த்துவிட முடியுமா என்றால் முடியாது, அது சோம்பல் காரணமல்ல. 'ண'வின் நடுவே குறுக்காக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், ஐந்து இடத்திலாவது எழுத்தின் கோட்டை வெட்டும். ஒவ்வொன்றும் இரண்டு கட்டம், நடுவே ஒரு கட்டச் சந்து என்றால் 14 கட்டம் வேண்டும். ஒற்றைக் கோட்டில் வரைந்தாலே ஒன்பது. உயரத்திலும் அதே கதை. மேலே புள்ளிக்கும் இகர வளைவுக்கும் இடம், கீழே உகரத்துக்கும் ஊகாரத்துக்கும் இடம், நடுவில் எழுத்தின் உடல். உடலுக்கு 7 வரிசை கொடுத்தால் மேலும் கீழும் மூன்று நான்கு சேர்ந்து 14 ஆகிவிடும், வரி இடைவெளியோடு 16. கடை வாசலில் பெயர் ஓடும் பி10 எல்இடி பலகையைக் கவனித்திருப்பீர்கள். அதன் ஒரு தட்டு 32க்கு 16 புள்ளி. தமிழ் அந்தப் பதினாறு வரிசைக்குள் அடங்கி ஓடுவதைத் தினமும் பார்க்கிறோம். ஆகவே தமிழ்ப் பிக்சல் எழுத்துக்கு 16 வரிசை என்பதே நியாயமான தொடக்கம். யூனிஃபாண்ட் என்ற இலவச எழுத்துருவும் 16 வரிசையில்தான் தமிழை வைத்திருக்கிறது. ஆனால் அது ஒற்றைக் கோடு, எல்லா மொழிகளையும் எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று செய்தது. தலைப்புக்கு எடுபடாது.

எண்ணிக்கையும் ஒரு தடை. ஆங்கிலப் பெரிய எழுத்து 26 வரைந்தால் ஒரு விளையாட்டு ஓடிவிடும். தமிழில் 18 மெய்களுக்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறாறு வடிவம் வைத்தால் 108. உயிர் 12, ஆய்தம், கால், இரண்டு கொம்பு, ஐகாரக் குறி சேர்த்தால் 125. கிரந்தம் தனி. இதில் கு, டு, மு, ரு நான்கும் நான்கு விதமாக வளையும் என்பதால் ஒன்றை வரைந்து மற்றவற்றுக்கு ஒட்டவும் வழியில்லை. ஒரு விழாவுக்காக இவ்வளவையும் வரையச் சொல்லமாட்டேன். உங்களுக்குத் தேவை விழாவின் பெயர் மட்டுமே. அதை எழுத்துருவாக இல்லாமல் படமாக, 16 வரிசைக் கட்டத்தாளில் நீங்களே வரைந்துவிடலாம்.

அப்படி வரைவதற்கு வாகான எழுத்துகள் தமிழில் நிறைய உண்டு. 'ட' இரண்டே கோடு. 'ப' என்றால் ஆறு வரிசைக்கு இரண்டு கறுப்பு, மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு, ஏழாவது வரிசை முழுக்கக் கறுப்பு. ஆர்கேட் எழுத்தின் பக்கத்தில் வைத்தால் கூடப் பிறந்தது போல நிற்கும். ம, ய, ர, கால் ஆகியவையும் மறுப்பில்லாமல் உட்காரும். புள்ளிக்கு 2க்கு 2 சதுரம் போதும். ஞ, ண, ஐ, ழ, ஜ இவையெல்லாம் படுத்தும். விழாவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றால் 'பட்டம்' போல ஒரு சொல்லைத் தேடுங்கள், 'ஞாயிறு ஆட்டம்' என்று வைத்துவிட்டு என்னிடம் வராதீர்கள். செங்குத்து இரண்டு, கிடை ஒன்று என்ற ஆர்கேட் விகிதத்தைத் தமிழிலும் அப்படியே வைப்பதா, இரண்டையும் சமமாக வைப்பதா என்பதில் வடிவமைப்பாளர்களிடையே ஒரே கருத்து கிடையாது. தமிழில் கீழ்க்கோடு எழுத்தைத் தாங்கி நிற்கிறது, அது மெலிந்தால் எழுத்து மிதப்பது போல எனக்குப் படும். நான் சமமாகத்தான் வைப்பேன். வரைய நேரமில்லை என்றால் பிக்சல் எழுத்தைப் போல நடிக்கும் தமிழ் எழுத்துருவைத் தேடி அலையாமல், முக்த மலரின் மிகத் தடித்த எடையையோ கட்டமரனின் 900ஐயோ எடுத்துக்கொண்டு ஆங்கிலத் தலைப்பின் கீழே தனி வரியாகப் போட்டுவிடுங்கள்.

போஸ்டருக்குச் சில குறிப்புகள். அச்சில் கட்டத்தை மில்லிமீட்டரில் யோசியுங்கள். ஏ3 தாளின் அகலம் 297 மி.மீ. கட்டத்துக்கு 3 மி.மீ. என்றால் ஓர் எழுத்து 24, பன்னிரண்டு எழுத்துக்கு 288, ஓரம் முட்டிவிடும். கட்டத்தை 2 மி.மீ. ஆக்கினால் 192, இருபுறமும் மூச்சுவிட இடம் கிடைக்கும். நீங்களே வரைந்த தமிழ் எழுத்தில் சதுரங்களைப் பக்கம் பக்கமாக அப்படியே விட்டுவிட்டு பிடிஎஃப் எடுத்தால் நடுவே தலைமுடி போல வெள்ளைக் கோடு தெரியும். எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணைத்துவிட்டு அனுப்புங்கள். வினைல் ஸ்டிக்கர் வெட்டுவதாக இருந்தால் இரண்டு சதுரங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களைத் தேடிப் பாருங்கள். உரித்து ஒட்டும்போது அந்த மூலைகள்தான் பிய்யும். அங்கே சதுரங்களைக் கால் மில்லிமீட்டர் அளவு ஒன்றின்மேல் ஒன்று ஏறவிட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாது. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கி ஓரங்களைப் புகையடித்துவிடும். பிஎன்ஜி கோப்பாக எடுத்து, டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள்.

உரிமம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரஸ் ஸ்டார்ட் 2பி திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கிறது. டிக்கெட் விற்கும் விழாவாக இருந்தாலும், டி-ஷர்ட் அச்சடித்து விற்றாலும் காசு கட்டவேண்டியதில்லை. எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக்கூடாது. இந்த உரிமம் எழுத்துருவுக்குத்தான். பேக்-மேன் பெயரையோ அந்த மஞ்சள் வட்டத்தையோ போஸ்டரில் சேர்த்தால் அது வணிகச் சின்னம், அதற்கு நான் பதில் சொல்ல முடியாது, சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள்.